தேய்ந்த பிளாஸ்மா டிப்: அறிகுறி பார்த்துச் சீர்செய்யும் வழி

ஆர்க் என்னும் மின்வில்லாலும் காற்றாலும் உலோகத் தகட்டை உருக்கி வெட்டும் மெஷின் பிளாஸ்மா கட்டர். அந்த ஆர்க் வெளிவரும் துளையுள்ள அதன் டிப், விரல் நுனியளவே உள்ள செம்புத் துண்டு. வாரத்துக்கு எத்தனை டிப் போகிறது என்று கணக்கெழுதிப் பார்த்தால்தான் அதன் செலவு உறைக்கும். அந்தக் கணக்கைப் பார்த்தவுடன் அரத்தையும் எமரி தாளையும் எடுத்துக்கொண்டு பழைய டிப்புகளைத் தேய்க்க உட்காருகிறவர்கள் பலர். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதில் பாதி வேலை வீண். எந்த டிப் மீளும், எது மீளாது என்பதை வெட்டும் ஆர்க்கும் முன்னதாகவே சொல்லிவிடுகின்றன. அதைக் கேட்ட பிறகு கைவைத்தால் மீட்கக்கூடியவை மீளும். டிப்பைத் தின்றது எது என்பதும் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

டிப் மாட்டியிருக்கும் கைப்பிடியான டார்ச்சின் தலையைத் திறக்கும் முன் மெஷினின் மின் இணைப்பைத் துண்டியுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றுங்கள். சுமை இல்லாத நேரத்தில் பிளாஸ்மா மெஷின் தரும் மின்னழுத்தம் சாதாரண வெல்டிங் மெஷினைவிடப் பல மடங்கு அதிகம், பெரும்பாலும் 200 வோல்ட்டைத் தாண்டும். ஆனால் முதலில் காற்று ஓடி முடியும் வரை காத்திருந்து, அதன் பிறகே பிளக்கைக் கழற்றி, டார்ச் ஆறியதும் தலையைத் திறங்கள்.

கையில் வேண்டியவை அதிகமில்லை. ஒரு கண்ணாடித் தகடு, 600 எண் எமரி தாள், மார்க்கர் பேனா, உருப்பெருக்கிக் காட்டும் லென்ஸ், வெர்னியர், 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் சில மெல்லிய ட்ரில் பிட்டுகள். பிட்டுகள் துளை போடுவதற்கு அல்ல. அவற்றின் வழவழப்பான பின்தண்டு துளையை அளக்கும் கம்பியாகப் பயன்படும்.

வெட்டு ஒரு பக்கமாகச் சாய்கிறது

அதிகம் கேட்கும் புகார் இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். சாய்வைக் கண்டதும் டிப்பைக் குற்றம் சொல்லிவிடுகிறோம். ஆனால் பிளாஸ்மா வெட்டில் ஒரு பக்கம் சற்றுச் சாய்வது இயல்பு. டிப்புக்குள் காற்று சுழன்று வருகிறது. பெரும்பாலான டார்ச்சுகளில் அது கடிகார முள்ளின் திசையில் சுழல்வதால், நீங்கள் நகரும் திசைக்கு வலப்பக்கம் நேராகவும் இடப்பக்கம் சில டிகிரி சாய்வாகவும் அமையும். அதனால்தான் வேண்டிய துண்டு எப்போதும் வலப்பக்கம் வரும்படி வெட்டுவது வழக்கம். துண்டு இடப்பக்கம் போய்விட்டு, டிப் பழுது என்று முடிவுசெய்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையான பழுதா என்று அறிய ஒரு சின்ன சதுரம் வெட்டிப் பாருங்கள். நான்கு பக்கமும் ஒரே அளவு சாய்ந்திருந்தால் டிப்பைத் தொடாதீர்கள், உயரத்தையும் வேகத்தையும் பாருங்கள். டார்ச் தகட்டிலிருந்து அதிக உயரத்தில் இருந்தால் வெட்டு மேலே அகன்று கீழே குறுகும், மிகத் தாழ்ந்தால் எதிராகும். நான்கில் ஏதோ ஒரு பக்கம் மட்டும் மோசமாக இருந்தால் அடுத்த சோதனைக்குப் போங்கள். டிப்பின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, அதைக் கால் சுற்றுத் திருப்பிப் பொருத்தி, அதே திசையில் இன்னொரு சதுரம் வெட்டுங்கள். மோசமான பக்கமும் டிப்போடு சேர்ந்து இடம் மாறினால் துளை வட்டம் குலைந்திருக்கிறது. மாறாமல் அங்கேயே நின்றால் டார்ச் தகட்டுக்குச் செங்குத்தாக இல்லை. புது டிப் போட்டாலும் அந்தச் சாய்வு போகாது. ஐந்து நிமிடச் சோதனை இது. இதைச் செய்யாமல் நல்ல டிப்பைத் தேய்த்துக் கெடுத்தால் அது இரட்டை நட்டம்.

டிப்தான் காரணம் என்று உறுதியானால் லென்ஸ் வழியே பாருங்கள். துளையின் வாயில் தெறித்த உலோகப் பொறி உறைந்து ஒட்டியிருக்கிறதா, வெளி விளிம்பு மணியின் வாய்போல அகன்றிருக்கிறதா, துளை முழுவதுமே முட்டை வடிவமாகிவிட்டதா? முதல் இரண்டும் மீளும். மூன்றாவது மீளாது.

ஒட்டிய பொறியை முதலில் மரக்குச்சியாலோ பித்தளைக் கம்பியாலோ நெம்பிப் பாருங்கள், பெரும்பாலும் உதிர்ந்துவிடும். உதிராவிட்டால் துளையின் அசல் அளவுள்ள ட்ரில் பிட்டைக் கைப்பிடியில் மாட்டி விரலால் மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். மோட்டாரில் மாட்டவே கூடாது. கேஸ் கட்டர் டிப்பைச் சுத்தம் செய்யும் அரம்போன்ற ஊசிகளையும் இங்கே விடாதீர்கள். செம்பு மென்மையானது. அந்த ஊசியின் பற்கள் நான்கு இழுப்பில் துளையை ஒரு பக்கம் கோணலாக்கிவிடும். எரிவாயு டிப்பில் அது பொறுக்கும். ஒரு மில்லிமீட்டர் துளைக்குள் ஆர்க்கை அழுத்தி நடுவில் நிறுத்தவேண்டிய டிப்பில் பொறுக்காது.

வெளி விளிம்பு அகன்றிருந்தால் முகத்தைச் சமமாக்க வேண்டும். டிப்பின் முகம் தட்டையாக இருந்தால்தான் இது முடியும். கூம்பு முகமுள்ள டிப்பைத் தேய்க்க முனையாதீர்கள். எமரி தாளைக் கண்ணாடித் தகட்டின் மேல் நீரில் நனைத்து விரியுங்கள். டிப்பின் முகத்தில் மார்க்கரால் மை பூசுங்கள். முகத்தைக் கீழே வைத்து, மூன்று விரலால் பிடித்து, 8 என்ற எண்ணை எழுதுவதுபோல நகர்த்துங்கள். நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை டிப்பைக் கால் திருப்புத் திருப்புங்கள். இல்லையென்றால் விரல் அழுத்தம் ஒரு பக்கமே விழும். மை முழுவதும் ஒரே சீராக அழிந்ததும் நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் பளபளக்கட்டும் என்று ஆசைப்படாதீர்கள். முகத்திலிருந்து நீங்கும் ஒவ்வொரு இழையும் துளையின் நீளத்தைக் குறைக்கிறது. துளை எவ்வளவு நீளமோ அவ்வளவு இறுக்கமாக ஆர்க் குவியும். ஒரு டிப்பை வாழ்நாளில் மூன்று முறைக்கு மேல் நான் இப்படித் தேய்ப்பதில்லை. தேய்த்த ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் ஒரு கோடு கீறிவைக்கிறேன்.

தேய்த்த பின் துளையின் உள்விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கழுவி, உள்ளிருந்து வெளியே போகும்படி காற்று அடியுங்கள். வெளியிலிருந்து ஊதினால் தூள் உள்ளே தங்கிவிடும்.

வெட்டு அகன்றுவிட்டது, துளை பெருத்துவிட்டது

ட்ரில் தண்டால் அளந்து பாருங்கள். 1.0 மில்லிமீட்டர் துளையில் 1.1 மில்லிமீட்டர் தண்டு தளர்வாகப் போனால் நுண்ணிய வேலைக்கு அந்த டிப் முடிந்தது. சுத்தம் செய்வதால் செம்பு வளராது.

இதைப் பெரிய அளவுக்குத் துளைத்து அதிக ஆம்பியர் டிப்பாக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. லேத்தில் கொலெட் என்ற பிடிப்பானில் பிடித்து மையம் தவறாமல் துளைத்தால் துளை வட்டமாக வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதிக ஆம்பியருக்கென்று செய்த டிப்பில் துளையோடு உள் அறையின் வடிவம், துளையின் நீளம், சுற்றியுள்ள செம்பின் பருமன் எல்லாமே வேறு. அப்படித் துளைத்த டிப்பை அதன் பழைய ஆம்பியருக்குமேல் நான் ஏற்றுவதில்லை. பழைய இரும்பைத் துண்டாடுவது, துருப்பிடித்த போல்ட்டின் தலையை அறுப்பது போன்ற கரட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறேன். அளவு வேலைக்கு அது உதவாது.

அடியில் கசடு ஒட்டுகிறது

வெட்டின் அடியில் உருகி உறைந்திருப்பது, தட்டினால் கொத்தாக உதிரும் தடித்த கசடு என்றால் நீங்கள் மிக மெதுவாகப் போகிறீர்கள். மெல்லிய கோடாக, கிரைண்டர் வைத்தால்தான் போகும் என்று இறுகி ஒட்டியிருந்தால் மிக வேகமாகப் போகிறீர்கள். சரியான வேகத்தில் தகட்டின் அடியில் தெறிக்கும் பொறி நேர் கீழாக விழாமல் 15 முதல் 20 டிகிரி பின்னோக்கிச் சாயும். இரண்டு வேகத்திலும் மாற்றிப் பார்த்தும் கசடு போகவில்லை என்றால் மட்டும் டிப்பைக் கழற்றுங்கள்.

பைலட் ஆர்க் பிடிக்கவில்லை

தகட்டுக்குத் தாவும் முன் டார்ச்சிலேயே பிடிக்கும் தொடக்க ஆர்க்தான் பைலட் ஆர்க். டிரிகரை அழுத்தினால் காற்று வருகிறது, ஆர்க் வரவில்லை. இங்கே உங்கள் டார்ச் எந்த வகை என்று தெரிய வேண்டும். ஒரு வகையில் எலக்ட்ரோடும் (டிப்புக்குப் பின்னால் இருக்கும், ஆர்க் புறப்படும் செம்புத் துண்டு) டிப்பும் தொட்டுக்கொண்டிருக்கும். காற்று வந்ததும் எலக்ட்ரோடு பின்னுக்குத் தள்ளப்பட்டு ஆர்க் உண்டாகும். இன்னொரு வகையில் இரண்டும் எப்போதும் விலகியே இருக்கும். உயர் அதிர்வெண் மின்பொறி அந்த இடைவெளியைத் தாண்டும்.

தொட்டு விலகும் வகையில் எலக்ட்ரோடை விரலால் அழுத்திப் பாருங்கள். தடையின்றி உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். சிக்கினால், காற்றைச் சுழலவிடும் சுழல் வளையத்தின் உள்ளே செம்புத் தூளும் பிசுபிசுப்பும் சேர்ந்திருக்கும். துணியால் துடைத்தாலே சரியாகிவிடும். எலக்ட்ரோடும் டிப்பும் தொடும் முகங்கள் கருத்திருந்தால் பாத்திரம் துலக்கும் பச்சை நார்த் துண்டால் லேசாகத் தேயுங்கள், எமரி வேண்டாம். செம்பின் கறுப்பு நீங்கினால் போதும், வடிவம் மாறக்கூடாது.

விலகி நிற்கும் வகையில் இடைவெளி வளர்ந்திருப்பதே முக்கியக் காரணம். எலக்ட்ரோடின் முனை குழிந்தோ, யாரோ அரம் வைத்துக் குட்டையாக்கியோ இருப்பார்கள். சீர்செய்து பயனில்லை, மாற்றுங்கள்.

இரண்டு வகையிலும் சுழல் வளையத்தின் சிறு துளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடைத்திருந்தால் காற்றால் ஊதுங்கள், ஊசி விடாதீர்கள். காற்றுக் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸைத் தாராளமாகப் பூசியிருந்தால் அதுதான் அங்கே வந்து அடைத்திருக்கும். விரலில் பட்டதும் தெரியாத அளவு மெழுகினாலே ஓ-ரிங்குக்குப் போதும்.

ஆர்க் பிடித்து, தகட்டுக்குத் தாவ மறுத்தால் பெரும்பாலும் பிழை டார்ச்சில் இருக்காது. தகட்டில் மாட்டும் எர்த் கிளாம்ப் பெயின்டின் மேலோ துருவின் மேலோ கடித்திருக்கும். சுரண்டி, வெறும் இரும்பில் மாட்டுங்கள்.

ஆர்க்கில் பச்சை தெரிகிறது

இதைக் கண்டால் உடனே டிரிகரை விடுங்கள். அந்த நொடியிலிருந்து ஒவ்வொரு விநாடியும் செலவு.

காற்றில் வேலை செய்யும் எலக்ட்ரோடின் நடுவில் ஹாஃப்னியம் என்ற உலோகத்தின் சிறு முளை பதிந்திருக்கும். ஆர்க் அதிலிருந்துதான் புறப்படுகிறது. டங்ஸ்டன் அதைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும். ஆனால் ஆக்சிஜன் பட்டால் விரைவில் எரிந்து கரைந்துவிடும். அதனால் டங்ஸ்டனை ஆர்கான், நைட்ரஜன் போன்ற வாயுக்களோடு வைத்து, காற்றுக்கு ஹாஃப்னியத்தைக் கொடுத்தார்கள். ஹாஃப்னியம் உருகும் வெப்பநிலை ஏறத்தாழ 2230 டிகிரி செல்சியஸ். சுற்றியுள்ள செம்போ 1085 டிகிரியிலேயே உருகிவிடும். ஒவ்வொரு முறை ஆர்க் தொடங்கும்போதும் அணையும்போதும் ஹாஃப்னியத்தில் கொஞ்சம் உருகிச் சிதறுகிறது, நடுவில் குழி ஆழமாகிறது. குழி முளையின் அடியைத் தொடும்போது ஆர்க் செம்பைப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் காணும் பச்சை, செம்பு எரியும் நிறம். அடுத்த சில விநாடிகளில் எலக்ட்ரோடின் முனை வெடித்து டிப்பைத் துளைக்கும், பல நேரம் டார்ச்சின் தலையையும் சேர்த்து எரிக்கும்.

பச்சை வரும்வரை காத்திருக்காமல் குழியை அளந்துவிடலாம். வெர்னியரின் ஆழ அளவுக் கம்பி குழிக்குள் போகாது. ஒரு மெல்லிய எஃகுக் கம்பியின் நுனியைத் தட்டையாகத் தேய்த்துக் குழிக்குள் நிறுத்தி, விளிம்பு மட்டத்தில் குறியிட்டு, அந்த நீளத்தை வெர்னியரால் அளங்கள். பல கையேடுகள் சொல்லும் எல்லை 1.6 மில்லிமீட்டர். சிறிய எலக்ட்ரோடுகளுக்கு 1 மில்லிமீட்டரிலேயே நான் மாற்றிவிடுகிறேன்.

எலக்ட்ரோடின் முனையைச் சமமாக அரத்தால் தேய்த்தால் குழி குறையுமே என்பது பலருக்கும் தோன்றும் யோசனை. எனக்கும் தோன்றியது. தேய்த்த எலக்ட்ரோடு பார்க்கப் புதிதுபோல இருந்தது, குழி பாதியாகிவிட்டது. இரண்டு நாள் நன்றாகவும் வெட்டியது. மூன்றாம் நாள் தடித்த தகட்டில் துளையிடும்போது முனை ஊதி வெளியேறி, டிப்பையும் சுழல் வளையத்தையும் கருக்கிவிட்டது. டார்ச்சின் தலை தப்பியது அதிர்ஷ்டம். நான் தேய்த்தது குழியைச் சுற்றியிருந்த செம்பைத்தான். குழிக்குக் கீழே மிஞ்சியிருந்த ஹாஃப்னியம் ஓர் இழைகூடக் கூடவில்லை. எவ்வளவு மிச்சம் என்பதைக் காட்டும் ஒரே அடையாளமான ஆழத்தையும் நானே அழித்துவிட்டேன். அன்று முதல் எலக்ட்ரோடின் முனையில் நான் அரம் வைப்பதில்லை. நீங்களும் வைக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். ஹாஃப்னியத் தூள் எளிதில் தீப்பற்றக்கூடியது, அதனாலும் கிரைண்டரில் வைக்கவே கூடாது.

எலக்ட்ரோடில் செய்யக்கூடிய சீர்செய்தல், தொடும் முகங்களையும் திருகுமரையையும் சுத்தம் செய்வது மட்டுமே. எலக்ட்ரோடு முடிந்தால் அது ஓடிய டிப்பையும் சந்தேகத்தோடு பாருங்கள். புது எலக்ட்ரோடைப் பெருத்த துளையின் பின்னால் வைத்தால் அதன் ஆயுளும் குறையும்.

டிப்பின் முகத்தில் கருகிய தழும்பு, துளையோரத்தில் வெட்டு

இது தேய்மானம் இல்லை, விபத்து. ஆர்க் எலக்ட்ரோடிலிருந்து நேராகத் தகட்டுக்குப் போகாமல், முதலில் டிப்புக்கும் டிப்பிலிருந்து தகட்டுக்கும் என்று இரண்டாகப் பிரிந்து பாய்ந்திருக்கிறது. ஒரே முறை நடந்தாலும் துளையின் ஓரத்தில் பள்ளம் விழும். பள்ளம் முகத்தோடு நின்றிருந்தால் மேலே சொன்னபடி தேய்த்து மீட்கலாம். துளையின் சுவரில் இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். தகட்டைத் தொட்டு வெட்ட வடிவமைக்காத டிப்பைத் தகட்டில் உரசியிருப்பீர்கள். துளையிடும்போது மிகத் தாழ்வாக வைத்து, உருகிய இரும்பு நேராக டிப்பின் முகத்தில் தெறித்திருக்கும். அல்லது டிப்பின் அளவுக்கு மீறி ஆம்பியரை ஏற்றியிருப்பீர்கள். துளையிடும் உயரம் வெட்டும் உயரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கட்டும். கையில் பிடித்து வெட்டினால் டார்ச்சைச் சாய்த்துத் தொடங்கி, பொறி ஒரு பக்கமாகப் பறக்கவிட்டு, துளை விழுந்த பின் நிமிர்த்துங்கள். ஓரத்திலிருந்து தொடங்க வழியிருந்தால் துளையிடவே வேண்டாம்.

புது டிப்பும் சீக்கிரமே போகிறது

மேலே சொன்ன எல்லாவற்றிலும் கிடைக்கும் மிச்சத்தைவிட இங்கே கிடைக்கும் மிச்சம் பெரிது. புதுசும் விரைவில் போனால் சீர்செய்த டிப் அதைவிட விரைவில் போகும்.

முதல் சந்தேகம் காற்றில் உள்ள நீர். டிப்பையும் எலக்ட்ரோடையும் மாட்டியபடி, ஆர்க் இல்லாமல் காற்றை மட்டும் ஓடவிட்டு, டார்ச்சின் முன்னால் ஒரு முகக் கண்ணாடியைச் சில விநாடி பிடியுங்கள். மெஷினில் காற்றை மட்டும் சோதிக்கும் நிலை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஆர்க் அணைந்தபின் ஓடும் காற்றில் பாருங்கள். கண்ணாடியில் பனி படிந்தால் நீர், புகைப்படலமாகப் பிசுபிசுத்தால் கம்ப்ரசர் எண்ணெய். இரண்டுமே ஆர்க்கைத் துப்ப வைத்து, ஹாஃப்னியத்தை வேகமாகக் குழிப்பவை. கம்ப்ரசர் டாங்க் சூடாக இருக்கும்போது நீர் ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டிவிடும். டாங்குக்கும் ஃபில்டருக்கும் இடையே நீண்ட குழாய் போட்டுக் காற்றைக் குளிரவிட்டால் நீர் ஃபில்டரில் நிற்கும். ஃபில்டரின் உள் இழையை மாற்றி எத்தனை நாளாயிற்று என்று நினைத்துப் பாருங்கள். நினைவுக்கு வராவிட்டால் இன்றே மாற்றுங்கள்.

இரண்டாவது பிரஷர். காற்று ஓடாதபோது மானியில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். காற்று ஓடும்போது முள் எங்கே நிற்கிறது என்பதே கணக்கு. நிற்கும்போது 6 பார் காட்டிய மானி, டிரிகரை அழுத்தியதும் 3.5க்கு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மெஷினுக்கு நீளமான மெல்லிய குழாய் மாட்டியிருந்தார்கள். காற்று குறைந்தால் ஆர்க்குக்கும் செம்புக்கும் இடையே இருக்கவேண்டிய குளிர்ந்த உறை மெலிந்து, டிப்பின் சுவரை ஆர்க் தொடும். குழாயை மாற்றியதும் டிப் செலவு தானாகக் குறைந்தது.

மூன்றாவது கைப்பழக்கம். தகட்டில் வைக்காமல் வெறுங்காற்றில் பைலட் ஆர்க்கை விட்டுக்கொண்டிருப்பது, வெட்டு முடிந்த பிறகும் டார்ச்சை ஓரம் தாண்டி இழுத்து ஆர்க்கை நீளவிடுவது, அணைத்த பின் ஓடும் குளிர்விக்கும் காற்று நிற்பதற்குள் மெஷினை அணைப்பது. ஒவ்வொன்றும் டிப்பின் ஆயுளைக் கடிக்கும்.

சீர்செய்த டிப்புகளைப் புதியவற்றோடு கலக்காமல் தனிப் பெட்டியில், துளை அளவை எழுதி வையுங்கள். புது எலக்ட்ரோடு மாட்டும் நாளில் புது டிப்பையே போடுங்கள். எலக்ட்ரோடின் குழி அரை மில்லிமீட்டரைத் தாண்டிய பிறகு, கரட்டு வேலை வரும்போது அந்தப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து மாட்டுங்கள்.